ஜோடிக்கு ஒரு கரிமீன்

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து அதைப் பயணக் கட்டுரையாக எழுதுவது கொஞ்சம் அநியாயம் என்று எனக்கே தெரியும். ஆனால் இந்தத் தளத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பலவீனமும் தெரியும். கோட்டை, கோவில், அருங்காட்சியகம் என்று பெரிதாகத் திட்டம் போட்டுக் கிளம்புவேன். கடைசியில் யார் வீட்டுச் சமையலறை வாசலிலாவது தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். இந்த ஆனி மாதம் கொச்சிக்குப் போனபோதும் அதேதான் நடந்தது. மூன்று நாள் பயணம், ஈரோட்டிலிருந்து, தனியாக.

கல்யாணப் பெண் சிந்து. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் ஒரே விடுதி அறை. அவளுடைய குடும்பம் மட்டாஞ்சேரிக் குடும்பம். திருநெல்வேலிப் பக்கமிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் நகராட்சி வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து. சிந்துவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது, அதனால் எனக்கு எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவாள்.

திருப்பூர் வேலையை விட்டு ஊர் திரும்பியதும் அவள் செய்த காரியம் எங்கள் விடுதியில் ஒருவரும் எதிர்பார்க்காதது. பக்கத்து வீட்டு நபீசா இத்தாவும் (இத்தா என்றால் அக்கா) அவளும் சேர்ந்து கும்பளங்கிக் காயலில் ஒரு கூண்டு போட்டுக் கரிமீன் வளர்க்க ஆரம்பித்தார்கள். சிந்துவின் அப்பா ஆறுமுகம் தோப்பும்படித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுபவர். கடலுக்குப் போன படகுகள் வருஷத்துக்கு வருஷம் சின்னச் சின்ன மீனாகக் கொண்டுவருவதை அவர் வீட்டில் வந்து புலம்ப, காயலிலும் கண்ணி சிறுத்த வலைகள் குஞ்சு குறுமான் எல்லாவற்றையும் வழித்தெடுப்பதை நபீசா இத்தா புலம்ப, இரண்டு புலம்பலையும் கேட்டுச் சலித்துப்போய்த்தான் கூண்டு வாங்கினேன் என்பாள் சிந்து.

கல்யாணத்துக்கு அவள் அனுப்பிய அழைப்பும் குரல் பதிவுதான். "அக்கா, மறுநாள் கறி விருந்துக்கு நம்ம கூண்டு மீனாக்கும். ஆளுக்கு ஒரு முழு கரிமீன். கட்டாயம் வரணும் கேட்டோ." இதற்குப் பிறகு லீவு போடாமல் இருக்க நான் என்ன துறவியா?

ஈரோட்டில் காலை ஆறரை மணி வாக்கில் ரயில். ஸ்லீப்பர் 225 ரூபாய், சுமார் 290 கிலோமீட்டர். பாலக்காட்டில் ஆரம்பித்த மழை எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தது. இறங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து ஹைகோர்ட் ஜெட்டிக்கு ஆட்டோ 60 ரூபாய். ஜெட்டியிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சிக்கு 40 ரூபாய், இருபது நிமிடம். ஏசி படகு, பெரிய கண்ணாடி ஜன்னல். மழையில் காயலைப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது. அவசரமில்லாதவர்கள் அரசுப் படகில் இதைவிட மிகக் குறைந்த காசில் போகலாம், சாரல் மட்டும் இலவசமாக மேலே விழும்.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு இரண்டரை கிலோமீட்டர், ஆட்டோவில் 60 ரூபாய். ஓட்டிவந்த சேட்டனிடம் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல மத்தி வறுவல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவர் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். இப்போது வரும் மத்தி இவ்வளவுதான், இதை வறுத்தால் முள்ளைத்தான் தின்ன வேண்டும் என்றார், பெரிய மத்தி வந்தால் தானே போன் பண்ணிக் கூப்பிடுவதாகவும் சொன்னார். என் நம்பரை அவர் வாங்கிக்கொள்ளவில்லை, ஆகவே அவருக்கும் நம்பிக்கை இல்லை என்று புரிந்துகொண்டேன்.

அன்று மாலை மழை விட்டதும் ஆறுமுகம் அப்பாவோடு தோப்பும்படித் துறைமுகம் வரை போனேன். அது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகளெல்லாம் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. ஒன்றில் பெயின்ட் அடித்தார்கள், ஒன்றில் வலை பிரித்தார்கள், ஒன்றில் முழு ஆள் ஒருவர் நல்ல உறக்கத்தில் இருந்தார். கல்யாணத்தைத் தடைக்காலத்தில் வைத்ததற்கு அப்பா சொன்ன காரணம் எளிமையானது. அவருக்கு வேலை இல்லாத காலம் இதுதான். கடலுக்கும் லீவு, எனக்கும் லீவு என்றார்.

மாப்பிள்ளை பாலா எர்ணாகுளத்தில் ஏசி மெக்கானிக். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அன்று இரவே மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். அவர்களில் முதலில் இறங்கியவரும் கடைசிவரை இறங்காத குரல் உடையவரும் ஒருவரே, பாலாவின் தாய்மாமன் வேலுச்சாமி. தென்னந்தோப்புக்காரர். மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் தனியாக வந்திருந்தார். வந்ததும் காபி கேட்கவில்லை, மீனைக் கேட்டார். தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, இத்தனை பெருசு இருக்குமா என்று பெண்ணின் அப்பாவிடம் மூன்று தடவை உறுதி செய்துகொண்டார். பஸ் முழுக்க "ஆளுக்கொரு முழு மீன்" என்று அவர்தான் பிரசாரம் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. நானும் ஈரோட்டில் அதே பிரசாரம் செய்தவள் என்பதால் அவரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கல்யாணம் மறுநாள் காலை கோவிலில் நன்றாக நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் அழகாக இருந்தார்கள்.

அதற்கு மறுநாள்தான் கறி விருந்து. காலை ஆறேகாலுக்குச் சிந்து என்னை எழுப்பினாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கையில் மருதாணி, இடுப்பில் தூக்கிச் செருகிய பழைய நைட்டி. கல்யாண வேலையில் பத்து நாளாகக் கூண்டை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை, அப்பா போய்த் தீவனம் மட்டும் வீசிவிட்டு வந்திருக்கிறார். பாலா, நபீசா இத்தா, நான், சிந்து என்று நால்வரும் ஆட்டோவில் கும்பளங்கிக்குப் போனோம். பத்து கிலோமீட்டர், 250 ரூபாய். தோப்பும்படியிலிருந்து பஸ்ஸும் உண்டு, ஆனால் ஐஸ் பெட்டியோடு ஏற விடமாட்டார்கள்.

கூண்டு என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். நீல பிளாஸ்டிக் டிரம்களின் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம், அதிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் ஒரு பெரிய வலைப் பை. மூலைகளில் வலை மிதக்காமல் இருக்கக் கனமாக ஏதாவது கட்ட வேண்டும். மூன்று மூலைகளில் கல். நான்காவது மூலைக்குக் கல் கிடைக்காமல், நபீசா இத்தா வீட்டில் விரிசல் விட்ட மீன்சட்டி ஒன்றை அப்பா எடுத்து வலைக்கு உள்பக்கமாகக் கட்டியிருந்தார். வருஷக்கணக்கில் மீன் குழம்பு கொதித்த சட்டி.

வள்ளத்தில் போய்க் கூண்டை அடைந்தோம். பாலாவுக்கு நீச்சல் தெரியாது. வள்ளத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, தாலி கட்டும்போதுகூட இல்லாத பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார். மீன் பிடிக்கும் முறை இதுதான்: வலையை ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மேலே இழுத்து, மீன்களை எதிர்ப்பக்கம் ஒதுக்கி, கைவலையால் அள்ளுவது. சிந்து சட்டி கட்டிய மூலையிலிருந்து ஆரம்பித்தாள். வலை இரண்டு முழம் மேலே வந்திருக்கும். மற்ற மீன்களெல்லாம் சிதறி ஓடின. இரண்டு மட்டும் ஓடவில்லை. சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன, அதில் ஒன்று சிந்துவின் விரலில் வந்து முட்டியது.

சிந்து இழுப்பதை நிறுத்திவிட்டாள். குப்புறப் படுத்துத் தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சட்டியைத் தடவினாள். பிறகு என் கையையும் பிடித்து இழுத்து உள்ளே விட்டாள். சட்டியின் வெளிப்பக்கம் முழுக்கக் கடுகை ஒட்டியது போல நெருநெருவென்றிருந்தது. முட்டை. கரிமீன் முட்டையை எதிலாவது ஒட்டவைத்துவிட்டு, அப்பனும் அம்மையும் இரண்டு பேருமாகக் காவல் நிற்குமாம். நாலைந்து நாளில் பொரிந்துவிடும், அதன் பிறகும் குஞ்சுகளைச் சில வாரம் கூடவே வைத்துக்கொண்டு திரியும். வலையை முழுதாகத் தூக்கினால் சட்டியும் மேலே வரும், ஜோடி பயந்து ஓடும், ஓடிய அடுத்த நிமிஷம் மற்ற மீன்கள் முட்டையை மொய்த்துத் தின்றுவிடும்.

நபீசா இத்தா முதலில் சிரித்தார். தன் சட்டியில் வெந்த மீன்களுக்குக் கணக்கே இல்லை, அந்தச் சட்டியிலா வந்து குடித்தனம் வைத்தாய் என்று மீனைப் பார்த்துக் கேட்டார். பிறகு சிந்துவைப் பார்த்துத் தணிந்த குரலில், "வேண்டா மோளே. அவிடெ இருந்நோட்டே" என்றார். அங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தம்.

இருக்கட்டும் என்று சொல்வது சுலபம். மண்டபத்துக்கு நூறு பேர் வருகிறார்கள். கோழி இருக்கிறது, சாம்பார் இருக்கிறது, யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் பெண் வீட்டார் வாக்குக் கொடுத்த மீன் இலையில் இல்லையென்றால் அது சாப்பாட்டு விஷயம் இல்லை, மரியாதை விஷயம். புகுந்த வீட்டார் முன்னால் சிந்துவுக்கு இது முதல் நாள். சிந்து அப்பாவுக்கு போன் போட்டாள். காயலில் சின்ன வலை போடும் ஒருவரிடம் விரல் நீளக் கரிமீன் கிலோக்கணக்கில் இருக்கிறது, வாங்கிப் பொரித்துப் போட்டுவிடலாமே என்றார் அப்பா. சிந்து வேண்டாமென்று ஒரே சொல்லில் வைத்துவிட்டாள்.

வலையைக் கையில் பிடித்தபடி அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். "நாங்க முதல்ல விட்ட குஞ்செல்லாம் இந்தக் காயல்லேந்து பிடிச்சதாக்கும் அக்கா. எடுத்துட்டே இருக்கோம். இது ஒரு தடவ திரும்பிப் போகட்டே." சொல்லிவிட்டுப் பாலாவைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒரு நாள்கூட முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் கவலை முட்டையைப் பற்றியல்ல, அவளைப் பற்றி.

பாலா வள்ளத்தின் விளிம்பிலிருந்து கையை எடுக்காமலே யோசித்தார். "சட்டிப் பக்கம் தொட வேண்டாம். மத்த பக்கம் வர்றத மட்டும் எடு. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். வேலுச்சாமி மாமாவிடம் பேசிக்கொள்வது என்பது காயலில் குதிப்பதைவிடப் பெரிய துணிச்சல் என்பதை ஒரு நாள் பழக்கத்திலேயே நான் அறிவேன். இந்த மாப்பிள்ளை தேறுவார் என்று அப்போதே முடிவு செய்தேன்.

சட்டி மூலையைத் தளர்வாக விட்டு, மறுபக்கத்தை மட்டும் பாதிவரை தூக்கி, கைவலையால் அள்ளினோம். உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சின்னதாக இருந்தவற்றைச் சிந்து திரும்பக் கூண்டிலேயே விட்டாள். பெட்டியில் சேர்ந்தது ஐம்பத்துச் சொச்சம். ஆளுக்கு அரை மீன். அரை மீனை எப்படிப் பரிமாறுவது, தலை யாருக்கு, வால் யாருக்கு, யாருக்கு வால் வைத்தாலும் ஒரு சண்டை நிச்சயம் என்று ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். தோப்பும்படிப் பாலம் வரும்போது பாலாதான் சொன்னார், வெட்ட வேண்டாம், ஜோடிக்கு ஒன்றாக முழுசாகவே வைப்போம் என்று.

நபீசா இத்தாதான் தலைமைச் சமையல். மீனைக் கீறி, மிளகும் மிளகாயும் மஞ்சளும் தடவிப் பாதி பொரித்து, சின்ன வெங்காயமும் தக்காளியும் இஞ்சியும் வதக்கிய மசாலாவைப் பூசி, வாட்டிய வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் திருப்பித் திருப்பிப் போட்டார். கரிமீன் பொள்ளிச்சது. தெருவில் நின்ற இஞ்சி மூட்டை லாரியின் வாசனையையும் தாண்டி அது தெருமுனை வரை போயிற்று. நான் வெங்காயம் உரித்தேன். ருசி பார்க்க ஒரு துண்டு தருவார்கள் என்று கடைசிவரை நின்றேன், தரவில்லை.

பகல் பன்னிரண்டரைக்குப் பந்தி. பாலா மைக்கைப் பிடித்து நடந்ததை நடந்தபடியே சொன்னார். ஒரு ஜோடி மீன் குடும்பம் நடத்துகிறது, அதைக் கலைக்கச் சிந்துவுக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை, ஆகவே இன்றைக்கு இரண்டு பேருக்கு ஒரு இலை, ஒரு மீன் என்றார். பிறகு பொள்ளாச்சி அத்தை ஒருவர், முப்பது வருஷமாச்சு இவரோட ஒரே இலையில உக்காந்து என்று சொல்லிவிட்டுக் கணவரை இழுத்து உட்காரவைக்க, கூடமே கலகலவென்று ஆகிவிட்டது. அண்ணன் தங்கை, மாமியார் மருமகள், சின்னப் பிள்ளைகள் என்று ஜோடி ஜோடியாக இலைக்கு அடித்துக்கொண்டார்கள். எந்தப் பந்தியிலும் நான் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஜோடியில்லாமல் நின்றது இருவர். நானும் வேலுச்சாமி மாமாவும். மாமாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. பஸ் நிறைய ஆளுக்கொரு மீன் என்று சொல்லிக் கூட்டிவந்தவர் அவர்தானே. எங்களை ஒரே இலையில் எதிரும் புதிருமாக உட்காரவைத்தார்கள். பொதியைப் பிரித்ததும் அவர் முதல் காரியமாக உள்ளங்கையை மீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மீன் விரல் நுனியைத் தாண்டியிருந்தது. தலையை ஒரு தடவை ஆட்டினார். கரிமீனில் முள் அதிகம், பழகாதவர்களுக்குக் கஷ்டம். அவர் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் அடுக்கிவிட்டு, நடுச்சதையை என் பக்கம் தள்ளினார்.

"நடுவால இருக்கறத நீங்க எடுத்துக்குங்க அம்மிணி. ஊட்லயும் அவளுக்கு இப்படித்தான் தள்ளி உடறது" என்றார். ஊரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவர் பங்கைத்தான் தின்கிறேன் என்று தோன்றியது. அந்த மீன் எப்படி இருந்தது என்று எழுத முயன்று நான்கு வரிகளை அழித்துவிட்டேன். நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கை கழுவி வந்ததும் மாமா சிந்துவைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்து அவளுடைய அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். அவரோ அந்த ஜோடியைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மூன்றரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸே கும்பளங்கிக்குத் திரும்பியது. கலங்கிய தண்ணீரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்படியும் மாமா கரையில் குந்தி உட்கார்ந்து, சத்தம் போட்ட பிள்ளைகளை வாயில் விரல் வைத்து அடக்கினார். குஞ்சு பொரிந்தால் உங்கள் கூண்டிலேயே இருக்குமா என்று சிந்துவிடம் கேட்டார். கண்ணி பெரிது, வெளியே போய்விடும் என்றாள் அவள்.

"அப்பறம் அது ஆருக்குங்க?"

"காயலுக்கு மாமா."

மாமா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "செரி. அதுக்கும் ஆராச்சும் ஒரு பங்கு வெக்கோணுமில்லீங்க" என்றார். சிந்து அப்போதுதான் அழுதாள், காலையிலிருந்து அடக்கியது எல்லாம் சேர்த்து. பாலா தன் கைக்குட்டையைக் கொடுத்தார், அதில் இன்னும் மீன் வாசனை இருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை கடைசி வரை கேரளத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கொச்சியில் மீனே கிடைக்காது என்று பயப்பட வேண்டாம், வள்ளத்தில் பிடித்ததும் காயல் மீனும் கூண்டு மீனும் வரும், ஆனால் கடைக்காரர் சொல்லும் மீனைத்தான் சாப்பிட வேண்டும், நாம் நினைத்து வந்த மீனை அல்ல. ஹோட்டலில் கரிமீன் கேட்டால் சமைக்கும் முன் காட்டச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கையைவிடச் சின்னதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது இன்னும் ஒரு தடவைகூட முட்டை போட்டிருக்காது. விரல் நீள மத்திக்கும் இதே பேச்சுதான். மட்டாஞ்சேரி பஜாரைக் காலை பத்து மணிக்குள் நடந்து பாருங்கள், அதற்கு மேல் லாரிகள் வழி விடாது. கும்பளங்கிக்குத் தோப்பும்படியிலிருந்து பஸ் ஏறினால் போதும். குடை அவசியம். எனக்கு மூன்று நாளில் போக்குவரத்துக்கும் சாயா, பழம்பொரிக்கும் சேர்த்து ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது, தங்கலும் சாப்பாடும் கல்யாண வீட்டு உபயம். தனியாகப் போனால் நல்ல சாப்பாட்டுக்குத் துணை கிடைக்காது என்று இதே தளத்தில் முன்பு எழுதியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ வந்தது. சிந்து எடுத்தது, ஆனால் அனுப்பியது அவள் இல்லை. கூண்டு வலைக்கு வெளியே, தெளிந்த தண்ணீரில், அரிசிக் கழுநீர் போல ஒரு கலங்கல் அசைந்து அசைந்து போயிற்று. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு. கீழே ஒரு குரல் பதிவு. பொள்ளாச்சியிலிருந்து வேலுச்சாமி மாமா, பின்னணியில் தென்னை மட்டை விழும் சத்தம்.

"அம்மிணி, நம்முளுது வெளிய வந்திருச்சுங்க."